ரெஃபர் பண்ணிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரி நெட்வொர்க் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு எளிய விளக்கம்

போன ஐப்பசில ஒரு நாள், ராத்திரி ஒன்பது மணி இருக்கும், பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைக்குதுன்னு பெரியம்மா போன் பண்ணாங்க. அண்ணன் காரை எடுத்தான், நான் பின்னாடி பெரியப்பாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஊர் எல்லைல இருக்கற பி.எச்.சி.ல லைட் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு, "அங்க என்ன இருக்கப்போகுது, டவுனுக்கே போயிடலாம்"னு தாண்டிப் போயிட்டோம். டவுன்ல ஒரு நர்சிங் ஹோம்ல கேஸ் ட்ரபிளா இருக்கும்னு ஒரு ஊசி போட்டாங்க, அரை மணி கழிச்சு ஈ.சி.ஜி எடுத்தாங்க, எடுத்ததும் முகம் மாறி "இங்க வசதி இல்ல, பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னாங்க, கையில ஒரு காகிதம்கூட கொடுக்கல. இன்னொரு இடம் போனோம், அங்கயும் இதே கதை. கடைசில மாவட்ட ஜி.எச். போய்ச் சேர்றப்ப மணி 12 தாண்டிடுச்சு.

அங்க டியூட்டில இருந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான், ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? மொதல்ல எடுத்த ஈ.சி.ஜி எங்க? முதல் கேள்விக்கே நாங்க ஆளுக்கொரு நேரம் சொன்னோம், ரெண்டாவதுக்கு பதிலே இல்ல. அடைப்பைக் கரைக்கற ஊசி போட்டாங்க, பெரியப்பா பிழைச்சுக்கிட்டார். ஆனா அந்த மூணு மணி நேரத்துல இதயத்தோட ஒரு பகுதி தசை செத்துப்போச்சு, இன்னிக்கும் மாடிப்படி ஏறினா அவருக்கு மூச்சு வாங்குது.

அன்னிலேர்ந்து இந்த விஷயத்தைத் தோண்டித் தோண்டி விசாரிச்சேன், படிச்சேன், தெரிஞ்ச நர்ஸுங்க, 108-ல வேலை பார்க்கற ஒரு தம்பி எல்லார்கிட்டயும் கேட்டேன். எங்க வழில ஆஸ்பத்திரிக்குக் குறைச்சல் இல்ல, நாலு கட்டடத்தைத் தாண்டிப் போயிருக்கோம், அந்த நாலுக்கும் நடுவுல இருக்கற இணைப்பு எங்களுக்கும் தெரியல, ஆரம்பத்துல போன ரெண்டு இடமும் அந்த இணைப்புல இல்ல. அந்த இணைப்பைத்தான் நெட்வொர்க்னு சொல்றாங்க, அது வழியா ஒரு ஆஸ்பத்திரி தன் நோயாளியை இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுதான் ரெஃபர். புதுசா கேக்கறவங்களுக்குப் புரியற மாதிரி நம்ம தமிழ்நாட்டை வச்சே சொல்றேன்.

அரசு சைடுல இது ஒரு ஏணி மாதிரி. கீழ்ப்படில துணை சுகாதார நிலையம், சமவெளில சுமார் 5,000 பேருக்கு ஒண்ணு, மலைல 3,000 பேருக்கு ஒண்ணுங்கறது கணக்கு. அங்க இருக்கறவங்கதான் கிராம சுகாதார செவிலியர், நாம நர்ஸம்மான்னு கூப்பிடுவோமே அவங்க. அதுக்கு மேல பி.எச்.சி., அதாவது ஆரம்ப சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒண்ணு, மலைப்பகுதின்னா 20,000 பேருக்கு ஒண்ணு. ஒன்றியத்துக்கு ஒண்ணு 30 படுக்கையோட தரம் உயர்த்தின பி.எச்.சி. இருக்கும். அப்புறம் தாலுகா ஜி.எச்., மாவட்டத் தலைமை மருத்துவமனை, உச்சில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. 2022 ஜனவரி 12 அன்னிக்கு ஒரே நாள்ல 11 புது அரசு மெடிக்கல் காலேஜ் திறந்தாங்க, அரியலூர், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம், நீலகிரி மாதிரி மாவட்டங்களுக்கு ஏணியோட உச்சிப்படி அப்பதான் சொந்த ஊர்லயே கிடைச்சுது.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் வர்ற கேள்வி, எனக்கும் வந்துச்சு. எதுக்கு இத்தனை படி, ஒவ்வொரு ஊர்லயும் எல்லா வசதியும் இருக்கற ஒரு ஆஸ்பத்திரி கட்டிட்டா முடிஞ்சுதுல்ல?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாற்காலில 24 மணி நேரமும் ஒரு டாக்டர் இருக்கணும்னு வச்சுக்குவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் வாரம் 48 மணி நேரம் வேலை பார்த்தா மூணரை ஆள் வேணும், லீவு, டிரெய்னிங், உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தா அஞ்சு பேர் ஆகிடும். ஒரே நாற்காலிக்கு அஞ்சு பேர். இப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு சிசேரியன் பண்ணனும்னா மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர் சிஸ்டர், ரத்த வங்கில ஒரு ஆள், இத்தனை நாற்காலி வேணும், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சஞ்சு பேர். ஊருக்கு ஊர் இதை நிரப்ப நம்மகிட்ட ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. அதோட இன்னொண்ணும் இருக்கு, கைப்பழக்கம். கேத் லேப்னா இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கற அறை, வாரம் ஒரு கேஸ் பார்க்கற கேத் லேபும் தினம் பத்து கேஸ் பார்க்கற கேத் லேபும் ஒண்ணாகாது, அவசரத்துல தடுமாறாத கை நிறைய கேஸ் பார்த்துதான் வரும். அதனால அபூர்வமான வேலையை ஒரு இடத்துல குவிக்கணும், அடிக்கடி வர்ற வேலையை ஊர் ஊரா பரப்பணும். நெட்வொர்க் திட்டமிடறவங்க ராத்திரி பகலா மல்லுக்கட்டறது இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

எதைக் குவிக்கறது, எதைப் பரப்பறதுன்னு புரிய பாம்புக்கடியை விட நல்ல உதாரணம் கிடையாது. பாம்பு கடிச்சா நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஐம்பது கிலோமீட்டர் வண்டில கொண்டுபோறாங்க. ஆனா விஷமுறிவு மருந்து பி.எச்.சி.லயே இருக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் ஒரே மருந்துதான், அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்துல பெரும்பங்கு நம்ம செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலில இருளர்கள் 1978-ல ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கத்துலேர்ந்து போகுதுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. விரியன் விஷம் ரத்தத்துல ஏறிடுச்சான்னு பார்க்க லேப்கூட வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடி டெஸ்ட் ட்யூப்ல ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து ஆடாம அசையாம 20 நிமிஷம் வச்சுடுவாங்க. அப்புறம் மெதுவா ஒரு தடவை சாய்ச்சுப் பார்ப்பாங்க. நல்ல ரத்தம்னா தயிர் மாதிரி உறைஞ்சு நிக்கும், தண்ணியா வழிஞ்சுதுன்னா விஷம் ஏறிடுச்சு, உடனே மருந்தை ஆரம்பிக்கணும். கட்டுவிரியன்னா வேற மாதிரி, கண் இமை தானா கீழ இறங்கும், பேச்சு குழறும், கடிவாய்ல வலியே இருக்காது. இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் குழாயும் கவனமா பார்க்கற ஒரு ஆளும் போதும். மருந்தை ஆரம்பிச்சுட்டு, மூச்சு விடறதுல சிக்கல் வர்ற மாதிரி இருந்தா வென்டிலேட்டர் இருக்கற மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். மருந்து பரவலா, வென்டிலேட்டர் குவிஞ்சு. பாம்புக்கடிக்கு நெட்வொர்க்னா அவ்வளவுதான்.

மாரடைப்பும் இதே தத்துவம்தான், கொஞ்சம் நுணுக்கம் கூட. ரத்தக்குழாய் முழுசா அடைச்சுக்கிட்ட மாரடைப்புக்கு சிறந்த வைத்தியம் ஆஞ்சியோபிளாஸ்டி பண்ணி அடைப்பைத் திறக்கறது, அதுக்கு கேத் லேப் வேணும், அது எல்லா ஊர்லயும் இருக்காது. ஆனா அடைப்பைக் கரைக்கற ஊசியை ஐ.சி.யூ. இருக்கற சின்ன ஆஸ்பத்திரிலயும் போடலாம். அதனால என்ன பண்ணாங்கன்னா, கேத் லேப் இருக்கற பெரிய ஆஸ்பத்திரியை வண்டிச்சக்கரத்தோட குடம் மாதிரி நடுவுல வச்சு, சுத்தி இருக்கற சின்ன ஆஸ்பத்திரிகளை ஆரக்கால் மாதிரி அதோட இணைச்சாங்க. ஆரக்கால்ல ஈ.சி.ஜி எடுத்து அனுப்பினா குடத்துல இருக்கற இதய டாக்டர் பார்த்துச் சொல்வார், தேவைன்னா ஊசியை அங்கயே போட்டுட்டு, வண்டில ஏத்தி, அடுத்த ஒரு நாளுக்குள்ள ஆஞ்சியோவுக்கு அனுப்பிடுவாங்க. இது தமிழ்நாட்டுல 4 பெரிய ஆஸ்பத்திரி, 35 சின்ன ஆஸ்பத்திரியை இணைச்சு செஞ்சு பார்த்த விஷயம். 2,420 நோயாளிகளைக் கணக்கெடுத்து 2017-ல அதோட முடிவை வெளியிட்டாங்க. இணைக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6 சதவீதம், இணைச்ச பிறகு 14.2 சதவீதம். பார்க்க சின்ன வித்தியாசமா தெரியும். நூறு குடும்பத்துல மூணு குடும்பத்துக்கு மேல அப்பாவோ அம்மாவோ உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம், அதுவும் புதுசா எந்த மருந்தையும் கண்டுபிடிச்சு இல்ல, இருந்ததையே ஒழுங்கா இணைச்சாங்க, அவ்வளவுதான்.

2023-லேர்ந்து "இதயம் காப்போம்" திட்டத்துல பி.எச்.சி.லயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அடோர்வாஸ்டேட்டின் மூணு மாத்திரையையும் முதல் டோஸா கொடுத்து அனுப்பறாங்க. அன்னிக்கு நாங்க லைட்டைப் பார்த்துட்டே தாண்டிப் போன அந்த பி.எச்.சி.லயும்தான் இது இருந்துச்சு. இது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, 108-க்கு வருவோம், ஏன்னா ஏணியோட படிகளை இணைக்கற கயிறே அதுதான். 2005 ஆகஸ்ட்ல ஹைதராபாத்ல ஆரம்பிச்சு, 2008 செப்டம்பர்ல தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. இப்ப மாநிலம் முழுக்க 1,300 வண்டிக்கு மேல ஓடுது. எந்த மாவட்டத்துலேர்ந்து கூப்பிட்டாலும் கால் சென்னைல இருக்கற கன்ட்ரோல் ரூமுக்குத்தான் போகும். அங்க போனை எடுக்கறவங்க நம்ம பக்கத்து ஊர்க்காரங்க இல்ல, "நம்ம மாரியம்மன் கோயில்கிட்ட"ன்னு சொன்னா அவங்களுக்கு எப்படித் தெரியும், மாவட்டம், தாலுகா, ஊர், அப்புறம் அடையாளம்னு வரிசையா சொல்லணும். பதட்டத்துல நாம "சீக்கிரம் அனுப்புங்க சார்"னு கத்துவோம், அவங்க கேள்வி கேக்கக் கேக்க நமக்குக் கோவம் வரும். ஆனா கேள்வி கேட்டு டைப் பண்ணும்போதே பக்கத்துல எந்த வண்டி சும்மா இருக்குன்னு தேட ஆரம்பிச்சுடறாங்கன்னு அந்தத் தம்பி சொன்னான். "அண்ணா, போனை மட்டும் கட் பண்ணாதீங்க, நாங்க திரும்பக் கூப்பிட்டா எடுங்க, வீட்டுலேர்ந்து ஒருத்தர் டார்ச்சோட மெயின் ரோட்டுல வந்து நில்லுங்க, அதுலயே அஞ்சு நிமிஷம் மிச்சமாகும்"னான். இதை நான் அப்படியே ஊர் வாட்ஸாப் குரூப்ல போட்டேன்.

வண்டிக்குள்ள ரெண்டு பேர், டிரைவரை பைலட்னு சொல்வாங்க, இன்னொருத்தர் ஈ.எம்.டி., அவசர மருத்துவ உதவியாளர். ஆக்ஸிஜன், பி.பி. பார்க்கற கருவி, சளி உறிஞ்சற கருவி, பிரசவம் பார்க்கற கிட் வரைக்கும் இருக்கும், சில வண்டில வென்டிலேட்டரும் இதயத்துக்கு ஷாக் கொடுக்கற கருவியும் இருக்கும். சந்தேகம்னா ஈ.எம்.டி. போன்ல கன்ட்ரோல் ரூம் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் மருந்து கொடுப்பாங்க. பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோக இன்குபேட்டரோட தனி வண்டி உண்டு. சென்னைல நெருக்கமான சந்துகளுக்காக 2016-லேர்ந்து பைக் ஆம்புலன்ஸும் ஓடுது.

வண்டியை எங்க நிறுத்தி வைக்கறதுங்கறதே ஒரு தனிக் கலை. ஆஸ்பத்திரி வாசல்ல எல்லாத்தையும் நிறுத்தினா கிராமத்துக்குப் போக நேரமாகும், கிராமத்துக்கு ஒண்ணுன்னு நிறுத்த வண்டி பத்தாது. அதனால எந்த இடத்துலேர்ந்து எத்தனை கால் வருது, எந்த வளைவுல விபத்து அதிகம், எந்த நேரத்துலன்னு பழைய கணக்கைப் பார்த்து டோல்கேட் பக்கம், போலீஸ் ஸ்டேஷன் பக்கம், பி.எச்.சி. வாசல்னு நிறுத்தறாங்க. ஒரு வண்டி கிளம்பிடுச்சுன்னா அதோட எல்லை காலியாகிடாது, பக்கத்து வண்டி அதையும் சேர்த்துப் பார்க்கணும். அங்கதான் பெரிய பிரச்சினையே. தாலுகா ஜி.எச்.லேர்ந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கற மெடிக்கல் காலேஜுக்கு ஒரு நோயாளியை மாத்தறாங்கன்னு வைங்க. போய், அங்க ஒப்படைச்சு, வண்டியைச் சுத்தம் பண்ணி, திரும்பி வர மூணு மணி நேரம் ஆகிடும். அந்த மூணு மணி நேரமும் அந்த ஏரியால யாருக்காவது நெஞ்சு வலிச்சா வண்டி தூரத்துலேர்ந்துதான் வரணும். அதனால தேவையில்லாம பண்ற ஒரு ரெஃபர் அந்த நோயாளியை மட்டும் அலைக்கழிக்கல, யாருன்னே தெரியாத இன்னொருத்தரோட வண்டியையும் எடுத்துக்குது. என்னைக் கேட்டா, ஒரு மாவட்டத்தோட நெட்வொர்க் நல்லா இருக்கா இல்லையான்னு பார்க்க எத்தனை வண்டி இருக்குன்னு எண்ணறதை விட, எத்தனை பேரை எதுக்காக மேல அனுப்பறாங்கன்னு எண்ணணும்.

இந்த 108 கதைல நமக்கு ஒரு உறவும் இருக்கு. இலங்கைல 1990-ங்கற நம்பர்ல ஓடற "சுவசெரிய" ஆம்புலன்ஸ் 2016-ல இந்தியா கொடுத்த நிதியுதவியோட ஆரம்பிச்சது, 2018-ல யாழ்ப்பாணத்துக்கும் வந்துச்சு, அங்க இருக்கற நம்ம சொந்தக்காரங்களும் இன்னிக்கு அதைத்தான் கூப்பிடறாங்க.

விபத்துன்னா இதுல இன்னொரு அடுக்கு சேருது. 2022-ல நாட்டுலேயே அதிக சாலை விபத்து பதிவானது தமிழ்நாட்டுலதான், 64,105. இவ்வளவு பேரையும் பழைய மாதிரி காஷுவாலிட்டில ஓ.பி. சீட்டு வரிசைப்படி பார்த்தா என்ன ஆகும்னு யோசிங்க, கால் சுளுக்கிக்கிட்டவர் முன்னாடி வந்துட்டார்னு வயித்துக்குள்ள ரத்தம் கசியறவர் பெஞ்சுல உட்கார்ந்திருப்பார். அதனால TAEI-னு சுருக்கமா சொல்ற தமிழ்நாடு விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்துல வாசல்லயே டிரையாஜ் பண்றாங்க. ஒரு நர்ஸ் நின்னு நாடி, பி.பி., மூச்சு, நினைவு பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு அனுப்புவாங்க. சிவப்புன்னா இந்த நிமிஷமே, மஞ்சள்னா கொஞ்சம் காத்திருக்கலாம் ஆனா கண்ணு அவர் மேலயே இருக்கணும், பச்சைன்னா காத்திருக்கலாம். முக்கியமான விஷயம், வண்டி வர்றதுக்கு முன்னாடியே 108-லேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகணும், தலைல அடி, நினைவில்ல, இன்னும் 15 நிமிஷத்துல வர்றோம்னு. அந்தத் தகவல் வந்த இடத்துல ஸ்ட்ரெச்சர் வாசல்ல நிக்கும், சி.டி. ஸ்கேன் ரூமுக்குச் சொல்லியாச்சு, ரத்தம் ரெடி. வராத இடத்துல வண்டி வந்து ஹாரன் அடிச்ச பிறகுதான் ஸ்ட்ரெச்சரையே தேடுவாங்க. ஒரே கட்டடம், அதே ஆட்கள், ஒரு போன் கால்தான் வித்தியாசம்.

காசு பயம்தான் விபத்துல இன்னொரு கொலையாளி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னு முடிவெடுக்கும்போதே எவ்வளவு கேப்பாங்கன்னு சொந்தக்காரங்க மரத்தடில நின்னு பேசிட்டு இருப்பாங்க. அதுக்குத்தான் 2021 டிசம்பர் 18-ல "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" ஆரம்பிச்சாங்க. சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை, தனியார் ஆஸ்பத்திரியும் இதுல சேர்த்தி, ஆரம்பத்துலயே 600-க்கும் மேல ஆஸ்பத்திரி இருந்துச்சு, தமிழ்நாட்டுக்காரரா வெளிமாநிலமா வெளிநாடான்னு பார்க்க மாட்டாங்க. தனியாரையும் நெட்வொர்க்குக்குள்ள இழுத்ததுதான் இதுல புத்திசாலித்தனம், ஏன்னா விபத்து நடக்கற இடம் அரசு ஆஸ்பத்திரி பக்கமா பார்த்து நடக்காது. அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போனா போலீஸ் கேஸ்னு அலையவிடுவாங்கன்னு பயப்படறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துல 134ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்திருக்காங்க, உதவி பண்றவர் பேரைக்கூட சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

பிரசவம் பத்தி சுருக்கமா சொல்றேன். இங்க அவசரம் வர்ற வரைக்கும் காத்திருக்காம ஆபத்தான கர்ப்பத்தை முன்னாடியே கண்டுபிடிச்சு, எந்த ஆஸ்பத்திரில பிரசவம்னு நர்ஸம்மா முன்கூட்டியே முடிவு பண்றாங்க. ராத்திரி பகல் சிசேரியனும் ரத்தமும் கிடைக்கற சீமாங்க் சென்டர்னு சில ஜி.எச்.களைத் தேர்ந்தெடுத்து வச்சிருக்காங்க, மத்த இடம் எல்லாம் அதை நோக்கி அனுப்பும். மலைல இன்னும் கஷ்டம். கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, வலி எடுத்த பிறகு கீழ இறங்கறதுன்னா உயிரோட விளையாடற மாதிரி. அதனால மலைப்பகுதிகள்ல பிரசவ தேதிக்கு முன்னாடியே வந்து தங்க ஆஸ்பத்திரியோட சேர்ந்த காத்திருப்பு அறை வச்சிருக்காங்க, கூட ஒரு ஆளும் தங்கலாம். நோயாளிகிட்ட வண்டி போக முடியலன்னா வண்டி தேவைப்படறதுக்கு முன்னாடியே ஆளைக் கொண்டு வந்துடறது, இதுவும் நெட்வொர்க் வேலைதான். அதையும் மீறி ஒரு தாய் இறந்துட்டா ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியா தணிக்கை பண்றாங்க, எந்த இடத்துல எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சு, எங்க தாமதமாச்சுன்னு. மாரடைப்புக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

இப்ப நிர்வாகத்துல இருக்கற ஒரு முடிச்சைச் சொல்லணும். பி.எச்.சி. ஒரு இயக்குநரகம், பொது சுகாதாரத் துறை. தாலுகா, மாவட்ட ஜி.எச். இன்னொரு இயக்குநரகம், மருத்துவம், ஊரக நலப் பணிகள், அதை டி.எம்.எஸ்.னு சொல்வாங்க. மெடிக்கல் காலேஜ் மூணாவது, மருத்துவக் கல்வி இயக்குநரகம், டி.எம்.இ. ஒரு நோயாளி ஒரே சாயங்காலத்துல மூணு துறையைத் தாண்டிப் போறார், அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. ஆனா ஒவ்வொரு துறைக்கும் தனி அதிகாரி, தனி ரிப்போர்ட். அதனால கோடு தாண்டற இடத்துலதான் விஷயம் கீழ விழுது. பி.எச்.சி. டாக்டர் அனுப்பிட்டார், அவர் கணக்குல வேலை முடிஞ்சுது. மேல இருக்கறவருக்கு நோயாளி வாசலுக்கு வந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்குது. நடுவுல இருக்கற அந்த 40 நிமிஷம் யாருடையது?

நல்ல ரெஃபர்னா என்னன்னு ஒரு அனுபவசாலி சிஸ்டர் எனக்குச் சொன்னாங்க. அனுப்பற இடத்துலேர்ந்து மேல போன் பண்ணிப் பேசியிருக்கணும், பெட் இருக்கா, டாக்டர் இருக்காரான்னு. சீட்டுல என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குன்னு எழுதியிருக்கணும். ஈ.சி.ஜி, ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தோட காப்பியும் கூட போகணும். வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி நோயாளி தாங்கற நிலைல இருக்கணும், சலைன் ஓடணும், மூச்சுப்பாதை சரியா இருக்கணும். "இந்த நாலும் இருந்தா அது ரெஃபர் தம்பி, இல்லன்னா தள்ளிவிடறது"ன்னாங்க. எங்களை அன்னிக்கு ரெண்டு தடவை தள்ளிவிட்டாங்க. அதனால நீங்க யாரும் ரெஃபர்னு கேட்டதும் கைவிட்டுட்டாங்கன்னு அழ வேண்டாம், சரியான படிக்கு அனுப்பறாங்கன்னும் இருக்கலாம், ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி அந்தச் சீட்டையும் ஈ.சி.ஜி.யையும் கேட்டு வாங்கிக்கங்க, "அங்க பேசிட்டீங்களா சார்"னு ஒரு வார்த்தை கேளுங்க.

நடுவுல யாராவது ஒருத்தர் எல்லா படியையும் ஒரே நேரத்துல பார்த்துட்டு இருக்கணும்ங்கறது 2021 மே மாசம் எல்லாருக்கும் புரிஞ்சுது. கொரோனா ரெண்டாவது அலைல சென்னைல பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்னுச்சே, உள்ள ஆக்ஸிஜனோட ஆள் படுத்திருக்க. எல்லாரும் ஒரே வாசலுக்கு வந்தா எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியும் திணறத்தான் செய்யும். அப்பதான் வார் ரூம்னு ஒண்ணு வச்சு, எந்த ஆஸ்பத்திரில எத்தனை ஆக்ஸிஜன் பெட், எத்தனை ஐ.சி.யூ. பெட் காலின்னு ஒரே இடத்துல பார்த்து, கூப்பிடறவங்களை அங்கங்க பிரிச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. பெட்டோட எண்ணிக்கையைக் கூட்டறது ஒரு வேலை, இருக்கற பெட் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கறது இன்னொரு வேலை. பேரிடர் வந்தப்ப செஞ்ச அந்த ரெண்டாவது வேலை சாதாரண செவ்வாய்க்கிழமை ராத்திரிலயும் ஒவ்வொரு மாவட்டத்துலயும் நடக்கணும், இதை யார்கிட்ட வேணாலும் நான் வாதாடுவேன்.

மருந்து விஷயமும் இதே கயிறுதான். படி இருந்து, டாக்டர் இருந்து, மருந்து இல்லன்னா என்ன பிரயோஜனம். 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் எல்லா அரசு ஆஸ்பத்திரிக்கும் மொத்தமா டெண்டர் விட்டு வாங்குது, மாவட்டக் கிடங்குல வச்சு, தரம் சோதிச்சுட்டுத்தான் வெளிய விடும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒண்ணு இருக்கும், இந்த வருஷம் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு, எடுக்க எடுக்கக் கழிச்சுட்டே வருவாங்க. மழைக்காலம் வருது, பாம்புக்கடி கூடும்னு தெரிஞ்ச பி.எச்.சி. விஷமுறிவு மருந்தைக் கூட எடுத்து வச்சுக்கும். எந்த மருந்து வேணும்னு சென்னை முடிவு பண்ணாம அந்த ஊர் டாக்டர் முடிவு பண்றார், வாங்கற பேரம் மட்டும் சென்னைல. இந்த ஏற்பாட்டைப் பார்த்து மத்த மாநிலங்களும் எடுத்துக்கிட்டாங்க.

கடைசியா, ஏணில மேல ஏத்தறதைப் பத்தியே எல்லாரும் பேசறோம், இறக்கறதைப் பத்தி யாரும் பேசறதில்ல. மெடிக்கல் காலேஜ்லேர்ந்து டிஸ்சார்ஜ் ஆனவர் மாசாமாசம் மாத்திரை வாங்க அங்கயே போனா அந்த வாசல்ல கூட்டம் எப்ப குறையும், ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும், நாலு மாசத்துல மாத்திரையையே விட்டுடுவார், அப்புறம் மறுபடி மாரடைப்பு. அதனால கீழ்ப்படிக்குத் திருப்பி அனுப்பணும், டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து பி.எச்.சி.லயே மாத்திரை கொடுக்கணும். 2021 ஆகஸ்ட் 5-ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஆரம்பிச்ச "மக்களைத் தேடி மருத்துவம்" இதுக்கு நல்ல வழி போட்டுச்சு, பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கறாங்க, நடக்க முடியாதவங்களுக்கு வீட்டுலயே பிசியோதெரபியும் உண்டு.

பெரியப்பாவுக்கும் இப்ப அப்படித்தான். மாசத்துல ஒரு நாள் காலைல அவரே நடந்து ஊர் எல்லைல இருக்கற அதே பி.எச்.சி.க்குப் போறார், பி.பி. பார்த்துக்கறார், மாத்திரை வாங்கிக்கறார். அன்னிக்கு ராத்திரி டியூட்டில இருந்த சிஸ்டர் இன்னும் அங்கதான் இருக்காங்க. போன மாசம் நான் கூடப் போனப்ப அவங்க ஈ.சி.ஜி மெஷினை எனக்குக் காட்டினாங்க, ஜன்னல் பக்கத்துல, சுத்தமான துணி போட்டு மூடி வச்சிருந்துச்சு. "உங்க கார் போனதை நான் பார்த்தேன் தம்பி, வேகமா போச்சு, யாருக்கு என்னமோன்னு நினைச்சேன்"னாங்க.